பாட்டு எப்படிக் கைமாறுகிறது?

1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ வெளியானது. மறு தீபாவளிக்கும் அதே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. 1946 தீபாவளி வந்தபோதும் படத்தை எடுக்கவில்லை. மூன்று தீபாவளி கண்ட படம் என்று திரை வரலாறு எழுதுபவர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர். வாழ்நாளில் அவர் நடித்த படங்கள் பதினைந்தைத் தாண்டாது. ஆனாலும் அவர் பாட்டு எட்டாத ஊர் இல்லை. பின்கழுத்து வரை இறங்கும் அவருடைய முடி ‘பாகவதர் கிராப்’ என்று பெயர் வாங்கி, இளைஞர்கள் தலையில் எல்லாம் ஏறியது. ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தபோதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947இல் விடுதலையானார். 1959இல், ஐம்பது வயது நிறைவதற்குள் காலமாகிவிட்டார்.

இன்று கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அதே பிள்ளையிடம் 1980களில் வந்த ஓர் இளையராஜா பாட்டின் முதல் இசைத்துணுக்கைப் போட்டுக் காட்டுங்கள். பல்லவி தொடங்கும் முன்பே வாய் முணுமுணுக்கும். அந்தப் பாட்டு வந்தபோது அந்தப் பிள்ளையின் அம்மாவே பாவாடை தாவணியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். இரண்டுமே பிறப்பதற்கு முன் வந்தவைதான். ஒன்று எப்படி வந்து சேர்ந்தது, மற்றொன்று ஏன் வழியிலேயே நின்றுவிட்டது?

“இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒண்ணுமே தெரியலை” என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதும், “இதுகூடத் தெரியாதா தாத்தா?” என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பதும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அந்தச் சலிப்புக்கும் சிரிப்புக்கும் பின்னால் உளவியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தோண்டி எடுத்த, உண்மையிலேயே வியக்க வைக்கும் ஒரு கதை இருக்கிறது.

அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்விலிருந்து தொடங்கலாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் வாலிஷும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்டது. 1940 முதல் 2015 வரை ஆண்டுக்கு இரண்டு என்று, அந்தந்த ஆண்டில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த 152 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 643 பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் அவற்றில் சிலவற்றின் சிறு பகுதியைப் போட்டுக் காட்டி, “தெரிகிறதா?” என்று கேட்டார்கள். கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் 18 முதல் 25 வயதுக்குள் இருந்தவர்கள்.

பாட்டு பழையதாக ஆக ஆக, தெரிந்தவர்களின் எண்ணிக்கையும் ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகும் என்றுதான் எதிர்பார்ப்போம். வரைபடம் அப்படி வரவில்லை. 2015இலிருந்து பின்னோக்கி 2000 வரை கோடு செங்குத்தாக இறங்கியது. அதற்குப் பின் நின்றுவிட்டது. 1960களிலிருந்து 1990களின் இறுதி வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்காலப் பாட்டுகளுக்குக் கோடு சமதளமாகவே போனது. அதற்கும் முந்தைய 1940, 50களுக்குப் போனதும் மறுபடி சரிந்தது. அதாவது, அந்த இளைஞர்களுக்கு 1995 பாட்டும் 1965 பாட்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தெரிந்திருந்தன.

அந்தச் சமதளத்துக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு. பெர்சி ஸ்லெட்ஜ் 1966இல் பாடிய ஒரு காதல் பாட்டை இந்தப் பிள்ளைகளில் மிகப் பலர் உடனே கண்டுகொண்டார்கள். அதே காலத்தில், அதே போல முதலிடத்தில் நின்ற வேறு சில பாட்டுகளை யாரும் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தன் காலத்தில் ஒரு பாட்டு எவ்வளவு விற்றது என்பது அதன் பிற்கால ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை. அப்படியானால் மறதிக்குக் காலம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. நடுவில் யாரோ, எதுவோ, சில பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்க வேண்டும்.

அது யார் என்று பார்ப்பதற்கு முன், பாட்டு முதலில் ஒரு மனிதனுக்குள் எங்கே போய்த் தங்குகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் ‘மழை’, ‘சைக்கிள்’, ‘கடிதம்’ என்று ஏதாவது ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டி மனதில் எழும் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லச் சொல்வது நினைவாற்றல் ஆய்வில் ஒரு பழைய முறை. 1879இலேயே பிரான்சிஸ் கால்டன் இதைத் தன்மேலேயே செய்து பார்த்தார். இப்படிச் சேகரித்த நினைவுகளை வயதுவாரியாக அடுக்கினால் ஒரு விநோதம் தெரியும் என்று டேவிட் ரூபின் குழுவினர் 1986இல் காட்டினார்கள். அண்மைக்கால நினைவுகள் நிறைய இருக்கும். பின்னோக்கிப் போகப் போகக் குறையும். திடீரென்று பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையே மறுபடி ஒரு மேடு எழும். எந்த நாட்டுக்காரரைக் கேட்டாலும் அந்த மேடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இதை ‘நினைவு மேடு’ என்று வைத்துக்கொள்வோம்.

இசையில் இது இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. மோரிஸ் ஹோல்புரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 1989இல் 108 பேருக்கு, 1932 முதல் 1986 வரையில் வந்த 28 பாட்டுகளைப் போட்டு எது எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். தனக்கு ஏறக்குறைய 23, 24 வயதாக இருந்தபோது வந்த பாட்டுதான் ஒருவருக்கு மிக அதிகமாகப் பிடித்திருந்தது. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் ‘எது நல்ல பாட்டு’ என்ற வழக்கு ஏன் தீர்வதே இல்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மூவரும் தத்தம் இருபதுகளுக்காக வாதாடுகிறார்கள்.

ஏன் அந்த வயது? ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. பதின்ம வயதில் மூளையின் இன்பம் உணரும் அமைப்பு மற்ற வயதுகளைவிடக் கூடுதலாகத் துடிப்போடு இருக்கிறது. பாட்டில் மெய்சிலிர்க்கும் இடம் வரும்போது மூளையில் டோபமைன் சுரப்பதை வலோரி சலிம்பூரும் ராபர்ட் சடோரும் 2011இல் படம்பிடித்துக் காட்டினார்கள். சிலிர்ப்பு வரும் முன், அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நொடிகளிலேயே அது தொடங்கிவிடுகிறது. இன்னொரு காரணம், வாழ்க்கையின் ‘முதல்’கள் எல்லாம் அந்த வயதில்தான் நடக்கின்றன. முதல் காதல், முதல் வேலை, வீட்டை விட்டு முதன்முதலாக வெளியூரில் தங்கியது. நான் யார் என்று ஒருவர் தனக்குத் தானே முடிவு செய்துகொள்ளும் வயதும் அதுதான். அந்த முடிவோடு அப்போது காதில் விழுந்துகொண்டிருந்த பாட்டும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது.

இந்தக் கடைசிக் காரணத்துக்கு வலுவான சாட்சி வங்கதேசத்திலிருந்து வருகிறது. மார்ட்டின் கான்வேயும் ஷம்சுல் ஹக்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டின் முதியவர்களுக்கு வழக்கமான இளமை மேட்டோடு, நடுவயதில் இன்னொரு மேடும் இருந்தது. 1971 விடுதலைப் போரும் அதையொட்டிய கொந்தளிப்பும் அவர்கள் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட காலம் அது. அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானிய மொழிக்காரர்களை ராபர்ட் ஷ்ராஃபும் ரூபினும் ஆராய்ந்தபோதும், முப்பதுகளின் நடுவில் புலம்பெயர்ந்தவர்களின் மேடு அந்த வயதுக்கே நகர்ந்திருந்தது. இதைப் படிக்கும்போது 1983க்குப் பின் ஊரைவிட்டுப் போன ஈழத்தமிழர்கள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. வாழ்க்கை எங்கே உடைந்து மறுபடி தொடங்குகிறதோ, நினைவு அங்கே கெட்டிப்படுகிறது.

இதுவரை சொன்னது ஒவ்வொருவரும் தன் பாட்டைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் கதை. இதோடு நின்றிருந்தால் ஒவ்வொரு தலைமுறையும் தன் பாட்டோடு வந்து தன் பாட்டோடு போயிருக்கும். அப்படி நடக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்ஸல். ஒரு பாட்டை அடையாளம் காண மனிதருக்கு எவ்வளவு நேரம் தேவை என்று ஏற்கனவே ஆராய்ந்தவர் அவர். ஒரு நொடியில் பாதிகூட இல்லாத, 400 மில்லிநொடித் துணுக்கைக் கேட்டே, நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தடவைகளில் பாட்டின் பெயரையும் பாடகரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள் என்று 2010இல் காட்டினார். மெட்டு தொடங்கக்கூட அந்த நேரம் போதாது. வாத்தியங்களின் நிறம், ஒலிப்பதிவின் மணம், அவ்வளவுதான் காதுக்கு எட்டும். எம்.எஸ். விஸ்வநாதனின் இசைக்குழுவா, இளையராஜாவின் வயலின்களா, ரஹ்மானின் கணினி ஒலியா என்பதை நாம் ஒரு வினாடியில் பிரித்தறிவதும் இந்தத் திறமையால்தான்.

2013இல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும், சராசரியாக இருபது வயதுள்ள 62 பேருக்கு 1955 முதல் 2009 வரை வந்த உச்சப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தெரிகிறதா, பிடிக்கிறதா, இந்தப் பாட்டோடு சொந்த நினைவு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். தங்கள் சொந்த இளமைக்காலப் பாட்டுகளில் ஒரு மேடு இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். இன்னொரு மேடு 1980களின் தொடக்கத்தில் எழுந்தது. அந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லாத காலம் அது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர்களுடைய பெற்றோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த காலம். 1960களில் இன்னும் ஒரு மேடு. தாத்தா பாட்டியின் காலமாக அது இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்தப் பத்தாண்டின் பாட்டுகளே தனிச் சிறப்புடையவை என்பது இன்னொரு விளக்கம்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரும் வியப்பு. ஒரு தாயின் இருபது வயது நினைவு, அவள் பிள்ளையின் மூளையில் ஒரு மேடாக எழுந்து நிற்கிறது. பாடமாக யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா சமைக்கும்போது முணுமுணுத்தது, அப்பா காரில் போட்டது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓடியது. பிள்ளை பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஓர் ஓரவஞ்சனையும் இதில் உண்டு. பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பாட்டு தெரிந்த அளவுக்குப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் பாட்டு தெரிவதில்லை. பாட்டு மேலிருந்து கீழே இறங்கும், கீழிருந்து மேலே ஏறுவது அரிது. ஒன்றும் தெரியாதவர்கள் என்று பிள்ளைகளைக் குறைசொல்லும் முன், யாருக்கு யாருடைய உலகம் எவ்வளவு தெரியும் என்று நாம் கணக்குப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் அந்தப் ‘பக்கத்தில் இருத்தல்’ எப்படி நடந்தது? அங்கேதான் தமிழ்க் கதை அமெரிக்கக் கதையைவிடச் சுவையாக இருக்கிறது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் இசை ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போனது. நேயர்கள் ரேடியோவின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். வடக்கே அதன் இந்தி ஒலிபரப்புக்கு, தெற்கே தமிழ் ஒலிபரப்புக்கு. 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி டில்லி இறங்கி வந்தது. அதற்குள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கொழும்பு குடியேறிவிட்டது.

எஸ்.பி. மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று அந்த அறிவிப்பாளர்களின் குரல்களை மறக்காதவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரு காரியத்தை இங்கே கவனிக்க வேண்டும். பாட்டைப் போடும் முன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லிவிட்டே போடுவார்கள். விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்கள் ஊர்ப் பெயரோடு நீளமாக வரும். தன் பெயர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, பாட்டோடு பாட்டின் முகவரியும் சேர்ந்து மனப்பாடமாகிவிடும். அறுபதுகளில் வளர்ந்தவர்கள் பாட்டு தொடங்கியதும் “இது கண்ணதாசன், அது மருதகாசி” என்று பிரித்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் யாரும் இதற்காகப் படித்தவர்கள் இல்லை. ரேடியோ கூடத்தில் இருந்தது, அவர்களும் கூடத்தில் இருந்தார்கள்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’. தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியது. பிள்ளைகள் காத்திருந்தது புதுப்படப் பாட்டுக்கு. ஆனால் அதற்கு முன் கறுப்பு வெள்ளைப் பாட்டுகள் வந்துவிடும். எழுந்து போனால் இடம் போய்விடும். அதனால் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் ஜெமினியையும் பார்த்தே தீர வேண்டும். சலித்துக்கொண்டே பார்த்த அந்தப் பாட்டுகள்தான் பின்னாளில் அவர்களுக்குத் தெரிந்த பழைய பாட்டுகள் ஆயின.

கிராமத்தில் இந்த வேலையை மைக் செட் செய்தது. கல்யாண வீட்டுக்கு முதல் நாளே வந்து தென்னை மரத்தில் குழாயைக் கட்டிவிடுவார்கள். விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார், அடுத்து டி.எம். சௌந்தரராஜனின் முருகன், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன். பந்தியும் மொய்யும் நடக்கும் நேரத்தில் சினிமாப் பாட்டு. அரை மைல் சுற்றளவில் இருக்கும் எவருக்கும் அதைக் கேட்காமல் இருக்கும் உரிமை கிடையாது. நாற்று நட்டுக்கொண்டிருப்பவரும் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அதே வரிசையில் அதே பாட்டுகளைக் கேட்டார்கள். இசைத்தட்டைத் தேர்ந்தெடுப்பவர் மைக் செட்காரர். அவருடைய இருபது வயதுதான் அன்றைய ஊரின் பாட்டு.

தனியார் பேருந்துகளும் மினி பஸ்களும் இன்றுவரை இதைத்தான் செய்கின்றன. இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்கு எண்பதுகளின் இளையராஜா இவ்வளவு சரளமாகத் தெரிவதற்கு, என் கணிப்பில், அம்மா அப்பாவுக்கு அடுத்தபடி காரணம் பேருந்து ஓட்டுநர்கள்தான். மாநிலத்தின் எந்த ஊரிலும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்வரும் பிள்ளை அந்தப் பாட்டுகளைக் காசு கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறது. இப்போது ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு வயது நாற்பது, நாற்பத்தைந்து. கவனித்துப் பாருங்கள், பேருந்துகளில் தேவாவும் தொடக்கக்கால ரஹ்மானும் கூடிக்கொண்டு வருகிறார்கள். ஓட்டுநரின் நினைவு மேடு நகர்கிறது, பேருந்தின் பாட்டும் அதோடு நகர்கிறது.

பாகவதருக்கு என்ன நேர்ந்தது என்று இப்போது சொல்லலாம். அவர் பாட்டில் இருபது வயதைக் கழித்தவர்களின் பிள்ளைகள் வளரும்போது, தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லை. கிராமபோன் வசதியானவர்கள் வீட்டுப் பொருள். வானொலியும் மைக் செட்டும் பரவிய காலத்தில் பாட்டின் பாணியே மாறியிருந்தது. ஒரு கைமாற்றம் தவறிப்போனது. அடுத்த கைக்குக் கொடுக்க ஆளில்லை.

பண்டைய எகிப்திய வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் யான் அஸ்மான் இந்த இடத்துக்கு ஓர் அளவுகோல் தருகிறார். வாய்வழியாக, மனிதர் மனிதருக்குச் சொல்லி உயிரோடு இருக்கும் நினைவு மூன்று, நான்கு தலைமுறை, அதாவது எண்பது முதல் நூறு ஆண்டு வரைதான் தாங்கும் என்கிறார். அதற்கப்பால் போக வேண்டுமானால் நூல், விழா, சிலை, ஆவணக் காப்பகம் என்று ஏதாவது ஒன்று தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆப்பிரிக்க வாய்மொழி வரலாறுகளை ஆராய்ந்த யான் வான்சினா இன்னொன்றைக் கண்டார். மக்களுக்கு அண்மைக்காலம் நன்றாகத் தெரியும், ஆதி முதல்வர்களின் கதையும் தெரியும், நடுவில்தான் வெற்றிடம். தலைமுறைகள் நகர நகர அந்த வெற்றிடமும் கூடவே நகரும். ராஜராஜ சோழனைத் தெரியும், தாத்தாவைத் தெரியும், தாத்தாவின் தாத்தா பெயர் தெரியாது என்ற நம் நிலைமை இதுதான். பாகவதர் இப்போது அந்த நகரும் வெற்றிடத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறார்.

இதற்கு எண்களும் உண்டு. கிறிஸ்தியன் காந்தியா, சீசர் இதால்கோ உள்ளிட்டோர் 2019இல் பாட்டு, திரைப்படம், வாழ்க்கை வரலாறு, ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றின் மீது மக்கள் கவனம் எப்படித் தேய்கிறது என்று அளந்தார்கள். முதலில் வேகமான சரிவு, பிறகு மெதுவான நீண்ட சரிவு. எல்லாவற்றிலும் அதே வடிவம். பேச்சில் உயிரோடு இருக்கும் அந்த முதல் கட்டம் மனிதர்களின் வாழ்க்கைக் கதைக்கு 20 முதல் 30 ஆண்டு வரை நீடித்தது. பாட்டுக்கு வெறும் 5.6 ஆண்டு. எல்லாவற்றிலும் குறைந்த ஆயுள் பாட்டுக்குத்தான்.

போகிற போக்கில் ஒன்று. “அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் பொன்” என்பது இந்தச் சரிவின் விளைவு. 1965இலும் மட்டமான பாட்டுகள் ஏராளமாக வந்தன. அவற்றை யாரும் கைமாற்றவில்லை, அதனால் நம் காதுக்கு வரவில்லை. தேறியவற்றை மட்டும் வைத்து ஒரு காலத்தையே எடை போடுவது இன்றைய இசையமைப்பாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2016இல் மலிவு விலை இணையம் வந்த பிறகு வீட்டில் ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு காதொலிக் கருவி. எந்தப் பாட்டும் யாருக்கும் ஒரு நொடியில் கிடைக்கிறது. 1940களின் பாகவதர்கூட யூடியூபில் இருக்கிறார். ஆனால் கிடைப்பது வேறு, காதில் விழுவது வேறு. தேடினால்தான் கிடைக்கும், பெயர் தெரிந்தால்தான் தேட முடியும். செயலிகள் நாம் ஏற்கனவே கேட்டதைப் போன்ற ஒன்றையே அடுத்ததாக நீட்டுகின்றன. பிடிக்காத பாட்டைச் சலித்துக்கொண்டே கேட்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அந்தக் கட்டாயம்தான் பல பத்தாண்டுகளாகத் தமிழ்ப் பாட்டைத் தலைமுறை தாண்ட வைத்தது என்பதால், இந்தச் சௌகரியம் எனக்குக் கவலை தருகிறது.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு சேர்ந்து வந்த ‘குணா’ அன்று பெரிய வெற்றி காணவில்லை. கொடைக்கானலில் அந்தப் படம் எடுத்த குகைக்குக் குணா குகை என்று பெயர் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். 2024 பிப்ரவரியில் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம், அந்தக் குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கதையில், ‘குணா’வின் கடிதப் பாட்டைச் சரியான இடத்தில் வைத்தது. படம் பார்த்த இருபது வயதுக்காரர்கள் தியேட்டரில் அந்தப் பாட்டைக் கூடவே பாடினார்கள். அதே ஆண்டு ‘லப்பர் பந்து’, 1989இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ படத்தின் விஜயகாந்த் பாட்டு ஒன்றைப் புதுத் தலைமுறைக்குக் கொண்டு வந்தது. இங்கிலாந்திலும் இது நடந்தது. கேட் புஷ் 1985இல் பாடிய பாட்டு, ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் இடம்பெற்றதால் 37 ஆண்டு கழித்து, 2022 ஜூனில் அந்நாட்டின் முதலிடத்துக்கு வந்தது. மூன்றிலுமே ஒரு பொது அம்சம். முந்தைய தலைமுறைப் பாட்டை மனதில் வைத்திருந்த ஒரு படைப்பாளி, அதை ஒரு கதைக்குள் வைத்து நீட்டியிருக்கிறார். கைமாற்றத்துக்கு இன்றும் ஒரு கை தேவைப்படுகிறது.

நீட்டுவதற்குப் பொருளே இல்லாமல் போவது இன்னொரு துயரம். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் வெளியானது. நாயகி டி.பி. ராஜலட்சுமி. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. முப்பதுகளின் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி அப்படியே போய்விட்டது. அன்றைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். தப்பித்தவற்றிலும் பலவற்றை அவற்றிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கினார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964இல்தான். பல படங்களுக்கு இன்று எஞ்சியிருப்பது தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் மட்டுமே. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் வாழ்நாள் முழுக்கச் சேகரித்த தகவல்கள் இல்லையென்றால் எத்தனையோ படங்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

வீட்டளவில் செய்யக்கூடியது எளிது. அதற்கு மருத்துவப் பயனும் உண்டு. சொந்த நினைவோடு பின்னிய பாட்டைக் கேட்கும்போது மூளையின் முன்நெற்றிப் பகுதியின் நடுப்பாகம் விழித்துக்கொள்வதைப் பீட்டர் ஜனாட்டா 2009இல் காட்டினார். அல்சைமர் நோய் ஒப்பீட்டளவில் தாமதமாகத் தொடும் பகுதிகளில் அதுவும் ஒன்று. பிள்ளைகளின் பெயரை மறந்துவிட்ட பெரியவர்கள் தங்கள் இளமைக்காலப் பாட்டைக் கேட்டதும் கூடவே பாடுவது இதனால் இருக்கலாம். அவர்களுக்கு எந்தப் பாட்டைப் போடுவது என்று அப்போது தெரிய வேண்டுமானால், அவர்கள் தெளிவாக இருக்கும்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

1960இல் பதினைந்து வயதில் மயில்வாகனன் குரலுக்குக் காத்திருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் அவர் விரும்பிக் கேட்ட பத்துப் பாட்டுகளைச் சொல்லச் சொல்லுங்கள். படத்தின் பெயர், பாடியவர் பெயர், எங்கே யாரோடு கேட்டார் என்பதையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு அவற்றை, காதில் மாட்டும் கருவியில் வேண்டாம், கூடத்து ஸ்பீக்கரில் சத்தமாகப் போடுங்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போடுங்கள். அவர்கள் முகம் சுளித்தாலும் நிறுத்த வேண்டாம்.